ஆஞ்சியோ: எப்போது ஓட வேண்டும், எப்போது உட்கார்ந்து பேச வேண்டும்

"அப்பாவுக்கு ஆஞ்சியோ பண்ணிட்டாங்க" என்று ஒருவர் சொன்னால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்த்திருக்கலாம். அல்லது அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் என்னும் சிறு கம்பி வலையை வைத்திருக்கலாம். முன்னது ஆஞ்சியோகிராம், பரிசோதனை. பின்னது ஆஞ்சியோபிளாஸ்டி, சிகிச்சை. இரண்டையும் ஒரே சொல்லில் சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் வரும் குழப்பம் பேச்சோடு நிற்பதில்லை. படம் எடுக்க மட்டும் சம்மதித்து வந்த குடும்பம், அரை மணி நேரத்தில், இவை நடக்கும் அறையான கேத் லேப்பின் வாசலில் நின்றபடி, "மூணு பிளாக் இருக்கு, இப்பவே ஸ்டென்ட் வெச்சிடலாமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிலருக்கு அந்த வாசலில் யோசிக்க நேரமே கிடையாது. கையெழுத்து தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். வேறு சிலருக்கோ ஒரு வாரம், ஒரு மாதம்கூட அவகாசம் இருக்கும். ஆனால் அதை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இருவரும் படுப்பது ஒரே மேசைதான். நம் வீட்டு நோயாளி இதில் எந்த வகை என்று தெரிந்துவிட்டால், மற்ற முடிவுகளில் பாதி தானாகவே தெளிவாகும்.

## இரண்டு மில்லிமீட்டர் குழாய்

கதீட்டர் என்பது நீளமான, வளைந்துகொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய். இதய சிகிச்சையில் அதிகம் பயன்படும் 'சிக்ஸ் பிரெஞ்ச்' அளவுக் குழாயின் வெளிவிட்டம் 2 மில்லிமீட்டர். மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ உள்ள ரத்தக் குழாயில் ஊசி குத்தி, அந்த வழியாகவே இதை இதயம் வரை கொண்டுபோகிறார்கள்.

1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில், வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், சிறுநீர் எடுக்கும் குழாயைத் தன் கைச் சிரை வழியாகத் தானே உள்ளே செலுத்திக்கொண்டார். அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய், குழாயின் முனை இதயத்துக்குள் இருப்பதைப் படமெடுத்துக் காட்டினார். அன்று அவரை ஏற்காத மருத்துவ உலகம், 1956இல் வேறு இருவரோடு சேர்த்து நோபல் பரிசு கொடுத்தது. 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், தன் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து உருவாக்கிய பலூனைக் கொண்டு, விழித்திருந்த ஒரு நோயாளியின் இதயக் குழாய் அடைப்பை முதல் முறையாகத் திறந்தார். பலூனால் விரித்த இடம் மீண்டும் சுருங்கிவிடாமல் தாங்கிப் பிடிக்கும் கம்பி வலைதான் ஸ்டென்ட். அது 1986இல் வந்தது. வலைக்குள் தழும்புத் திசு வளர்வதைத் தடுக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட்டுகள் 2002 வாக்கில் புழக்கத்துக்கு வந்தன. இன்று வைப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

கேத் லேப் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் அருகில் நின்று பார்ப்போம். அறை குளிராக இருக்கும். நோயாளிக்கு முழு மயக்கம் கிடையாது. மணிக்கட்டை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். டை என்று சொல்லும் சாயம் கதீட்டர் வழியாகப் போகும்போது, திரையில் இதயக் குழாய்கள் இலையுதிர்ந்த மரக்கிளைபோல் கறுப்பாகத் தெரிந்து, ஓரிரு நொடியில் மறையும். கிளையில் ஓர் இடம் மட்டும் எறும்பின் இடுப்புபோல் சிறுத்திருந்தால் அதுதான் அடைப்பு. ஸ்டென்ட் வைப்பதென்றால், தலைமுடியைவிடச் சில மடங்கே தடித்த கம்பி ஒன்றை முதலில் அந்தச் சந்து வழியாக மறுபக்கம் கடத்துவார்கள். பிறகு அந்தக் கம்பியின் மீதே, சுருட்டிய பலூனையும் அதன்மேல் இறுக்கிய ஸ்டென்ட்டையும் ஓட்டிக்கொண்டு போவார்கள். பெரிய ஊசிபோன்ற கருவியைத் திருகி, பலூனை 12 வளிமண்டல அழுத்தம் அல்லது அதற்கு மேலும் விரிப்பார்கள். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். அந்த 20, 30 நொடி குழாய் முழுசாக அடைபடுவதால் நெஞ்சு இறுக்கலாம். பலூன் சுருங்கியதும் இறுக்கம் விட்டுவிடும். பலூன் வெளியே வரும், ஸ்டென்ட் உள்ளேயே இருக்கும். அதன் விட்டம் சுமார் 3 மில்லிமீட்டர். எல்லாம் முடிந்ததும் மணிக்கட்டில் காற்றடைத்த பட்டையொன்றைக் கட்டி, சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்குவார்கள்.

## ஓட வேண்டிய நேரம்

மாரடைப்பில் நடப்பது இது. குழாயின் உட்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு திடீரென்று வெடிக்கிறது. வெடித்த இடத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகி, பாதையை முழுதாக மூடிவிடுகிறது. அந்தக் குழாயை நம்பியிருந்த தசை அரை மணி நேரத்துக்குள்ளாகவே சாகத் தொடங்குகிறது. செத்த தசை திரும்ப வளராது. இசிஜியில் 'எஸ்டி' எனும் பகுதி மேலே தூக்கி நின்றால், பெரும்பாலும் இப்படி முழு அடைப்பு என்று பொருள். அங்கிருந்து கணக்கு நிமிடத்தில் ஓடுகிறது:

1. நோயாளி மருத்துவ ஊழியரின் கைக்கு வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

2. வந்த மருத்துவமனையிலேயே கேத் லேப் இருந்தால் 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க வேண்டும். இதற்குப் பெயர் பிரைமரி ஆஞ்சியோபிளாஸ்டி.

3. எப்படிப் போனாலும் 120 நிமிடத்துக்குள் கேத் லேப்பில் அடைப்பைத் திறக்க முடியாது என்றால், காத்திருக்கக் கூடாது. கட்டியைக் கரைக்கும் ஊசியை அரை மணிக்குள் போட்டுவிட வேண்டும். ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டெப்ளேஸ் என்பவை இந்த மருந்துகள். ரத்தக் கசிவு ஆபத்து உள்ளவர்களுக்கு மட்டும் இவை ஆகாது.

4. ஊசி வேலை செய்ததென்றால் 2 மணி முதல் 24 மணிக்குள் ஆஞ்சியோகிராம். வேலை செய்யவில்லை என்றால் உடனே கேத் லேப்.

இந்த நான்காவது படியில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். ஊசி போட்டதும் வலி குறைகிறது. "சரியாயிடுச்சு, வீட்டுக்குப் போயிடலாம்" என்று தோன்றுகிறது. உண்மையில் ஊசி கட்டியைக் கரைத்திருக்கிறதே தவிர, வெடித்த திட்டு அங்கேயேதான் இருக்கிறது. அதே இடத்தில் மீண்டும் கட்டி உருவாகலாம்.

எல்லா ஊரிலும் கேத் லேப் இருக்க முடியாது. அப்படியானால் கிராமத்து நோயாளிக்கு என்ன வழி? இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல விடை கிடைத்திருக்கிறது. கோவையைச் சேர்ந்த இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் அவருடைய குழுவினரும், கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனையை மையமாகவும் சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகளைக் கிளைகளாகவும் இணைத்து, இடையில் ஆம்புலன்ஸை ஓடவிட்டு ஓர் ஏற்பாட்டைச் செய்துபார்த்தார்கள். கிளையில் இசிஜி, தேவைப்பட்டால் ஊசி. பிறகு மையத்தில் ஆஞ்சியோகிராம். 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வின் முடிவு 2017இல் ஜாமா கார்டியாலஜி இதழில் வந்தது. ஏற்பாட்டுக்கு முன்பு ஆஞ்சியோகிராம் வரை போய்ச் சேர்ந்தவர்கள் 35 சதவீதம், பின்பு 60.8 சதவீதம். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். புது மருந்தோ புதுக் கருவியோ எதுவும் இதில் இல்லை. இருந்ததையே யார், எங்கே, எத்தனை நிமிடத்தில் செய்வது என்று ஒழுங்குபடுத்தியதில் கிடைத்த உயிர்கள் இவை. இந்த மண்ணிலிருந்து வந்த மருத்துவ ஆய்வுகளில் இதற்கு இன்னும் பரவலான கவனம் கிடைத்திருக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டமும் இதே வழியில் ஒரு படி. நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டேட்டின் மாத்திரைகளை முதல் வேளை அளவாக அங்கேயே கொடுத்து மேல் மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

இந்த ஏற்பாடெல்லாம் வேலை செய்ய, நோயாளி முதலில் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். வாயு என்று சீரகத் தண்ணீர் குடித்துப் படுத்த இரவுகளில் பறிபோகும் நேரத்தை எந்தக் கேத் லேப்பாலும் திருப்பித் தர முடியாது. நெஞ்சு நடுவே இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, இவை சில நிமிடங்களில் அடங்காவிட்டால் 108ஐக் கூப்பிட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பாகவோ வாந்தியாகவோகூட வரலாம். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போகக் கூடாது. வழியில் இதயத் துடிப்பு தாறுமாறானால் மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி ஆம்புலன்ஸில் இருக்கும், பைக்கில் இருக்காது.

எஸ்டி உயராமல், ட்ரோபோனின் எனும் ரத்தப் பரிசோதனை மட்டும் கூடியிருக்கும் மாரடைப்பும் உண்டு. அவர்களுக்கு நிலைமையைப் பொறுத்து ஓரிரு மணியிலிருந்து ஓரிரு நாளுக்குள் ஆஞ்சியோகிராம் செய்வார்கள். மருத்துவமனையில் சேர்ந்தே இருக்க வேண்டும்.

## உட்கார்ந்து பேச வேண்டிய நேரம்

இப்போது இன்னொரு நோயாளி. மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடுகிறது. பல மாதமாக இதே அளவில்தான் இருக்கிறது. அல்லது வலியே இல்லை, முழு உடல் பரிசோதனையில் ட்ரெட்மில் 'பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. படம் எடுத்துப் பார்த்தால் 80 சதவீத அடைப்பு. வீட்டில் எல்லோருக்கும் தோன்றும் கேள்வி ஒன்றுதான்: இது எந்த நேரமும் முழுசாக அடைத்துக்கொள்ளாதா? உடனே திறந்துவிட்டால் நல்லதுதானே?

கேள்வி நியாயமானது. மருத்துவர்களும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்தார்கள். சோதித்துப் பார்த்தபோது விடை வேறாக வந்தது. 2007இல் வெளியான கரேஜ் ஆய்வில், நிலையான நெஞ்சுவலி உள்ள 2,287 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்து மட்டும், மற்றதற்கு மருந்தோடு ஸ்டென்ட்டும் கொடுத்தார்கள். சாவிலும் மாரடைப்பிலும் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. ஸ்டென்ட்டோ, அடைப்பைத் தாண்டி மாற்றுப் பாதை அமைக்கும் பைபாஸ் அறுவையோ முதலிலேயே செய்துவிட்டால் உயிர் கூடுதலாகக் காக்கப்படுகிறதா என்று 5,179 பேரிடம் பார்த்த இஸ்கீமியா ஆய்வு 2020இல் வெளியானது. இந்திய மருத்துவமனைகளும் அதில் பங்கேற்றன. ஒட்டுமொத்த விடை அதேதான்.

காரணம் இருக்கிறது. மாரடைப்பை உண்டாக்கும் திட்டு, படத்தில் பெரிதாகத் தெரியும் அந்த 80 சதவீத இடமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 40 சதவீதமே அடைத்த, மெல்லிய தோல் போர்த்திய, உள்ளே கொழகொழவென்று கொழுப்புள்ள இடம்கூட வெடிக்கலாம். ஸ்டென்ட் வைப்பது ஓர் இடத்தில். நோய் இருப்பதோ எல்லாக் குழாய்களிலும். அந்த எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்வது கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை, ரத்த அழுத்த, சர்க்கரைக் கட்டுப்பாடு, புகையிலையை விடுவது இவைதான்.

அப்படியானால் இவர்களுக்கு ஸ்டென்ட்டே வேண்டாமா? அப்படிச் சொல்வதும் தவறு. ஸ்டென்ட் வலியைக் குறைக்கிறது. 2017இல் வந்த ஆர்பிட்டா ஆய்வு, ஒரு பிரிவுக்கு ஸ்டென்ட் வைப்பதுபோல் பாவனை மட்டும் செய்து பார்த்தது. போதுமான மருந்து ஏற்கெனவே சாப்பிட்டவர்களில் இரு பிரிவினரும் ட்ரெட்மில்லில் தாக்குப்பிடித்த நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதே குழுவினர் 2023இல், நெஞ்சுவலி மருந்துகளை நிறுத்தியவர்களிடம் இதைத் திரும்பச் செய்தபோது, ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்தது. ஆக, மருந்து சாப்பிட்டும் வலி அடங்காதவருக்கோ, மருந்து ஒத்துக்கொள்ளாதவருக்கோ ஸ்டென்ட் நல்ல சிகிச்சை. வலியே இல்லாதவரிடம் "உயிரைக் காப்பாத்த உடனே வைக்கணும்" என்று சொன்னால், ஏன் என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

ஏன் என்பதற்குச் சரியான காரணங்களும் இருக்கலாம். இடது பிரதானக் குழாயில், அதாவது 'லெஃப்ட் மெயின்' அடைப்பு, இதயத்தின் பம்ப் செய்யும் திறன் வெகுவாகக் குறைந்திருப்பது, அண்மையில் வந்த மாரடைப்பு போன்றவை உள்ளவர்கள் இஸ்கீமியா ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. அந்த முடிவை அவர்களுக்குப் பொருத்தக் கூடாது.

## ஓபி அறையில் முடிவாக வேண்டியவை

அவசரமில்லாத நோயாளிக்கு உண்மையான சிகிச்சை தொடங்கும் இடம் இதய நிபுணரின் ஓபி அறை. கேத் லேப்புக்குப் போகுமுன் அங்கே பேசித் தீர்க்க வேண்டிய விஷயங்கள் சில:

1. சதவீதம் யாருடைய கணக்கு? படத்தில் சொல்லும் 70, 80 எல்லாம் பெரும்பாலும் கண்ணால் மதிப்பிடுபவை. ஒரே படத்தைப் பார்க்கும் இரு நிபுணர்கள் வேறுவேறு எண் சொல்வது சகஜம். இடைப்பட்ட அடைப்புகளில், அழுத்தத்தை அளக்கும் கம்பியைச் செலுத்தி, அடைப்புக்கு அப்பால் எவ்வளவு அழுத்தம் போய்ச் சேர்கிறது என்று பார்க்கலாம். எஃப்எஃப்ஆர் என்னும் இந்த அளவு 0.80க்கு மேல் இருந்தால் பொதுவாக ஸ்டென்ட் தேவையில்லை.

2. ஸ்டென்ட்டா, பைபாஸா? சர்க்கரை நோயோடு பல குழாய்களில் அடைப்பும் உள்ள 1,900 பேரிடம் நடந்த ஃப்ரீடம் ஆய்வில் (2012), ஐந்தாண்டு முடிவில் இறப்பும் மாரடைப்பும் பைபாஸ் பிரிவில் குறைவு. பக்கவாதம் மட்டும் பைபாஸில் கொஞ்சம் அதிகம். வீட்டுக்கு வீடு சர்க்கரை இருக்கும் நம் ஊருக்கு இது மிக முக்கியமான முடிவு. நெஞ்சைத் திறக்கப் பயந்து நாலைந்து ஸ்டென்ட் கேட்பவர்கள் உண்டு. அந்தப் பயத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் கதீட்டர் நிபுணரும் இதய அறுவை நிபுணரும் ஒரே படத்தைச் சேர்ந்து பார்த்துச் சொல்லும் கருத்தைக் கேட்டபின்பு முடிவெடுப்பது நல்லது.

3. சிறுநீரகம் தாங்குமா? டை சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் போகக் கூடாது. சிறுநீரகம் பலவீனமானவர்களை மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தச் சொல்வார்கள்.

4. பல மாதம் ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிட முடியுமா? குடல் புண், மூல ரத்தப்போக்கு, விரைவில் செய்யவேண்டிய வேறு அறுவை எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் சிக்கல் ஸ்டென்ட் வைத்த பிறகுதான் தெரியவரும்.

5. படம் பார்க்க மட்டுமா, கையோடு ஸ்டென்ட்டும் வைக்கவா? சம்மதப் படிவத்தில் இதைப் பிரித்துக் கேட்கலாம். அவசரமில்லையென்றால், "படம் எடுத்துட்டு வெளிய வாங்க, பேசிட்டு முடிவு பண்றோம்" என்று முதலிலேயே சொல்லிவைப்பதில் தவறே இல்லை.

படம் எடுத்தபின் அது பதிவான குறுந்தகட்டை, அதாவது சிடியைக் கேட்டு வாங்க வேண்டும். எழுதிக் கொடுக்கும் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து இன்னொரு மருத்துவர் கருத்துச் சொல்ல முடியாது. சிடி இல்லையென்றால் இரண்டாவது கருத்துக்காக மறுபடியும் டை ஏற்றிப் படம் எடுக்க வேண்டிவரும்.

## அடைப்பு மட்டுமே அல்ல

கதீட்டர் என்றாலே ஸ்டென்ட் என்று நினைக்கிறோம். நம் நாட்டில் இதைவிட இளம் வயதினரைக் காப்பாற்றும் கதீட்டர் சிகிச்சை ஒன்று இருக்கிறது. சிறுவயதில் வரும் தொண்டை அழற்சி சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலாகி, இதயத்தின் மைட்ரல் வால்வை ஆண்டுக்கணக்கில் மெல்லத் தடிக்கவைத்து ஒட்டவைத்துவிடும். 4 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாமல் திறக்க வேண்டிய வால்வு 1 சதுர சென்டிமீட்டராகச் சுருங்கும். பெண்களிடம் அதிகம். பலருக்கு முதல் கர்ப்பத்தில், ரத்த ஓட்டம் கூடும்போதுதான் மூச்சுத் திணறலாக வெளிப்படும். "மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று வீட்டில் கடந்துபோய்விடுவார்கள். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காரும் கர்ப்பிணிக்கு எக்கோ எனும் இதய ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்.

ஜப்பானின் கன்ஜி இனோவே 1980களில் உருவாக்கிய பலூன் இதற்கு வழி செய்தது. தொடைச் சிரை வழியாக இதயத்தின் வலது மேலறைக்குப் போய், நடுச்சுவரைத் துளைத்து இடப்பக்கம் சென்று, ஒட்டிய வால்வு இதழ்களை மணல்கடிகார வடிவப் பலூனால் பிரித்துவிடுவார்கள். கர்ப்பகாலத்திலேயே, வயிற்றுக்குக் கதிர் படாமல் தடுப்புப் போட்டு இதைச் செய்ய முடியும். வால்வில் சுண்ணாம்பு அதிகம் படிந்திருந்தாலோ, இடது மேலறையில் ரத்தக் கட்டி இருந்தாலோ, வால்வு ஏற்கெனவே அதிகம் கசிந்தாலோ இது ஆகாது. முடிந்து வீடு திரும்பியபின் 21 நாளுக்கொரு முறை போடும் பென்சிலின் ஊசியை மருத்துவர் சொல்லும் காலம்வரை தொடர வேண்டும். பலூன் பிரித்த வால்வு மீண்டும் கெடாமலிருக்க அதுதான் காவல்.

வயதானவர்களின் சுருங்கிய அயோர்ட்டிக் வால்வுக்கு நெஞ்சைத் திறக்காமலே புது வால்வு பொருத்தும் 'டாவி' முறையை 2002இல் பிரான்சில் அலன் கிரிபியே தொடங்கினார். நம் ஊரில் வால்வின் விலையே பல லட்சம் என்பதால் இன்னும் சிலருக்கே எட்டுகிறது. குழந்தைகளின் இதய ஓட்டைகள் பலவற்றையும் இன்று குடைபோல் விரியும் கருவிகளால் கதீட்டர் வழியே மூடிவிடுகிறார்கள்.

## ஸ்டென்ட்டுக்குப் பிறகு

ஸ்டென்ட் வைத்த முதல் சில மாதங்களில் அந்த உலோக வலையின் மீது உடம்பின் மெல்லிய சவ்வு இன்னும் முழுதாகப் படர்ந்திருக்காது. ரத்தம் நேரடியாக உலோகத்தைத் தொடும், உறையப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினும், கூடவே குளோபிடோக்ரல், டிகாக்ரிலார், பிராசுக்ரல் ஆகியவற்றில் ஒன்றும். மாரடைப்புக்குப் பிறகு வைத்திருந்தால் பொதுவாக ஓராண்டு, நிலையான நெஞ்சுவலிக்கு வைத்திருந்தால் பொதுவாக ஆறு மாதம் இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். ரத்தக் கசிவு அபாயம் உள்ளவர்களுக்கு மருத்துவர் இதைக் குறைப்பார். நாமாகக் குறைக்கக் கூடாது. நடுவில் நிறுத்தி ஸ்டென்ட்டுக்குள் கட்டி உறைந்தால், அது பெரும்பாலும் பெரிய மாரடைப்பாகவே வரும்.

நிறுத்துவது பெரும்பாலும் அலட்சியத்தால் நடப்பதில்லை. பல் பிடுங்கப் போன இடத்தில் "ரத்தம் மெலியுற மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திட்டு வாங்க" என்று சொல்வார்கள். பெரும்பாலான பல் சிகிச்சைகளுக்கு நிறுத்தவே தேவையில்லை. கண்புரை அறுவையிலும் அப்படித்தான். யார் நிறுத்தச் சொன்னாலும், ஸ்டென்ட் வைத்த மருத்துவரை ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்தக் கூடாது. இன்னொரு காரணம் பணம். மாதாமாதம் மாத்திரை வாங்க முடியாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுகிறார்கள். இதை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். விலை குறைந்த மாற்று மருந்து உண்டு, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவும் கிடைக்கும்.

செலவைப் பற்றியும் ஒன்று. ஒரு லட்சத்துக்கு மேலும் விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. பிறகு அது அவ்வப்போது மாற்றியமைக்கப்படுகிறது. கட்டுப்பாடு ஸ்டென்ட் விலைக்குத்தான், அறை, கட்டணம், மற்ற கருவிகளுக்கு இல்லை. அதனால் பில்லில் ஸ்டென்ட்டின் பெயரும் விலையும் தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆஞ்சியோபிளாஸ்டி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் வருகிறது. அவசரமில்லாத சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்பதால், குடும்ப அட்டையும் காப்பீட்டு அட்டையும் முதல் ஓபி நாளிலேயே கையில் இருப்பது நல்லது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஸ்டென்ட்டோடு வரும் ஒட்டுத்தாளும் அட்டையும் கொடுப்பார்கள். எந்தக் குழாயில், எந்தத் தேதியில், எத்தனை மில்லிமீட்டர் ஸ்டென்ட், எந்த இரண்டு மாத்திரை, எந்த மாதம் வரை என்ற ஐந்தும் அதிலோ டிஸ்சார்ஜ் சம்மரியிலோ இருக்கிறதா என்று படுக்கையை விட்டு எழுமுன் சரிபார்த்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வீட்டில் இரண்டு பேருக்கு அனுப்பிவைத்தால், நள்ளிரவில் வேறு ஊர் மருத்துவமனையில் போய் நிற்க நேர்ந்தாலும் அங்கிருக்கும் மருத்துவர் உடனே படித்துவிட முடியும்.